எஃப்டி-818ஐ மலைக்குக் கொண்டுபோவது: 5 வாட்டில் எங்கே கோட்டை விடுகிறோம்?

தேனி_புதுசு
எல்லாருக்கும் வணக்கம். எஃப்டி-818 (கையில தூக்கிட்டுப் போற சின்ன ஹாம் ரேடியோ) ஒன்று கைக்கு வந்திருக்கு. மேகமலைப் பக்கம் எடுத்துட்டுப் போய் 40 மீட்டர், 20 மீட்டர் பேண்டு (7, 14 மெகாஹெர்ட்ஸ்) ரெண்டுலயும் பேசணும். முதல்ல எஸ்எஸ்பி (குரல்ல பேசுறது), அப்புறம் எஃப்டி8 (லேப்டாப் வழியா போற டிஜிட்டல் மோட்). இப்ப இருக்கிறது: ரேடியோவுக்குள்ள இருக்கிற பேட்டரி, 7 மீட்டர் ஃபைபர் தூண்டில் கோல், 30 மீட்டர் ஹூக்கப் வயர். முன்பக்க பிஎன்சி ஆன்டெனா சாக்கெட்டுல 10 மீட்டர் வயரை நேரா சொருகிப் பார்த்தா 40 மீட்டர்ல லேசா சத்தம் வருது, கூப்பிட்டா ஒருத்தரும் திரும்ப வரல. பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கணுமா, இல்ல வேற ஏதாவது தப்பா?

ஐந்துவாட்
ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வேண்டாம் தம்பி. முதலில் மெனு 07ஐப் பாருங்கள். ஒவ்வொரு பேண்டுக்கும் ஆன்டெனா முன்பக்க பிஎன்சியா, பின்பக்க எஸ்ஓ-239ஆ என்று தீர்மானிப்பது அதுதான். கம்பெனியிலிருந்து வரும்போது எச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸ் வரை) பின்பக்கம், 50 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் முன்பக்கம். நீங்கள் வயரை முன்னால் சொருகிவிட்டு, ஒன்றும் மாட்டாத பின்பக்கச் சாக்கெட்டுக்குள் பவரை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கேட்டது உள்ளுக்குள் கசிந்த சிக்னல்.

இது வெறும் "போகவில்லை" என்பதோடு நிற்காது. திறந்த சாக்கெட்டில் மைக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபைனல் டிரான்சிஸ்டருக்கு (பவரைத் தரும் கடைசி டிரான்சிஸ்டர்) ஆபத்து. 818க்கு முந்தைய மாடலான 817இல் முதலில் வந்த ஃபைனல்கள் இதற்கே பேர்போனவை. 817என்டியிலும் 818இலும் போட்டது கொஞ்சம் தாங்கும், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

அடுத்தது பவர் லெவல். உள் பேட்டரியில் ஓடும்போது ரேடியோ தானாகவே 2.5 வாட்டுக்கு இறங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுத்தால்தான் முழுப் பவர் தானாக வரும், 818இல் அது 6 வாட். இதில் பதற ஒன்றுமில்லை. 5க்கும் 2.5க்கும் 3 டெசிபெல்தான் வித்தியாசம், எதிர்முனை சிக்னல் மீட்டரில் அரை எஸ்-யூனிட், அதாவது அரைப் படி. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு வந்தால் 13 டெசிபெல், இரண்டு எஸ்-யூனிட்டுக்குச் சற்று மேல். எஸ்9இல் கேட்பவருக்கு எஸ்7இல் கேட்பீர்கள், அவ்வளவுதான். மோசமான வயரும் ரேடியோவோடு பொருந்தாத இணைப்பும் சத்தமில்லாமல் 10, 15 டெசிபெல்லைத் தின்றுவிடும். சண்டை போட வேண்டிய இடம் அது.

கம்பிக்காரன்
ஐந்துவாட் சார் சொன்னதுக்கு மேல, ஆன்டெனாவைப் பத்தி. கையில 30 மீட்டர் வயரும் 7 மீட்டர் கோலும் இருக்குன்னா லிங்க் டைபோல்தான் (நடுவுல ஊட்டுற ரெண்டு கால் வயர், கால்ல இருக்கிற இணைப்பைத் திறந்து மூடி பேண்டு மாத்தலாம்) போடணும். டியூனர் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், தப்பு செய்ய இடமும் குறைவு.

அளவு: வெறும் கம்பிக்கு மொத்த நீளம் 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர்ல வரும். பிவிசி உறை போட்ட வயருக்கு 2, 3 சதவீதம் குறையும், ஆனா வெட்டும்போது குறைக்காதீங்க, நீளமா விட்டு மடிச்சுக் கட்டுங்க. ஒரு பக்கத்துக்கு 20 மீட்டர் பேண்டுக்கு 5.10 மீட்டர் வெட்டுங்க. அந்த முனையில 4 செ.மீ. பிளாஸ்டிக் துண்டுல ரெண்டு துளை போட்டு வயரைக் கட்டி, இழுவை முழுசும் பிளாஸ்டிக் மேல வர்ற மாதிரி செய்யணும். சால்டர் மூட்டு மேல இழுவை விழுந்தா பத்தாவது தடவை சுருட்டும்போது அறுந்துடும். லிங்க்குக்கு முதலை கிளிப்போ 2 மி.மீ. பனானாவோ போதும். அதுக்கு வெளியே இன்னும் 5.10 மீட்டர். ரெண்டு பக்கமும் சேர்த்து 20.4 மீட்டர், உங்க வயர்ல மிச்சமே இருக்கு.

டியூன் பண்ற வரிசை முக்கியம். லிங்க்கைத் திறந்து வச்சு முதல்ல 20 மீட்டர். உள்பக்கத் துண்டுல ஒரு பக்கத்துக்கு 5 செ.மீ. குறைச்சா ஏறக்குறைய 140 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். அது உட்கார்ந்த பிறகுதான் லிங்க்கை மூடி 40 மீட்டர், வெளித்துண்டுல மட்டும் கை வைக்கணும். அங்க 10 செ.மீ.க்கு 70 கிலோஹெர்ட்ஸ். தலைகீழா 40ஐ முதல்ல செஞ்சா, 20க்காக உள்ளே வெட்டும்போது 40 மறுபடி நகரும், நாள் பூரா வெட்டிக்கிட்டே இருக்கலாம்.

நட்டநடுவுல கோல், உச்சி 6.5 மீட்டர், முனைகள் தரையிலிருந்து 1.5 மீட்டர். 10 மீட்டர் கால் 5 மீட்டர் இறங்கும், ஆகவே நுனிக்கு நுனி சுமார் 17.5 மீட்டர் இடம் வேணும். கோல் கார்பன் ஃபைபர் இல்லைன்னு உறுதி செஞ்சுக்குங்க, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், டியூனிங் கெட்டுப்போகும்.

கோஆக்ஸ் (ஆன்டெனாவிலேருந்து ரேடியோவுக்கு வர்ற கேபிள்): ஆர்ஜி-174 மெல்லிசு, பையில அடங்கும். 10 மீட்டருக்கு 40 மீட்டர் பேண்டுல சுமார் 1 டெசிபெல் போகும். ஆர்ஜி-58ல அதுல பாதிக்கும் குறைவு. 8 மீட்டருக்கு மேல வேண்டாம். இதே ஆர்ஜி-174ஐ 2 மீட்டர் பேண்டுக்கும் வச்சுக்கலாம்னு நினைச்சீங்கன்னா பாதிக்கு மேல வழியிலயே போயிடும்.

முனைஊட்டம்
கம்பிக்காரன் அண்ணே, காட்டுக்குள்ள பதினேழரை மீட்டர் நேர் இடம் எங்க கிடைக்கும்? சில்வர் ஓக் மரத்துல ஒரு கயிறை எறிஞ்சு 20.2 மீட்டர் வயரை ஒரே இழுப்புல தூக்கினா 40, 20, 15, 10 நாலும் லிங்க் மாத்தாமலே வந்துடும். எண்ட்-ஃபெட் ஹாஃப் வேவ்தான் (ஒரு முனையில ஊட்டுற அரை அலை வயர்) மலைக்கு.

டிரான்ஸ்ஃபார்மர் பத்தி நெட்ல நிறைய குப்பை இருக்கு. வயர் முனை 2450 ஓம், ரேடியோ 50 ஓம், அதைப் பொருத்த 49:1 வேணும்னா எஃப்டி140-43 ஃபெரைட் வளையக் கோர்ல முதன்மை 2 சுற்று, மொத்தம் 14 சுற்று. சின்னதா இருக்கட்டும்னு எஃப்டி82-43 எடுத்தா அதே 2:14 போடாதீங்க, 3:21 போடுங்க. காரணம் முதன்மைச் சுருளோட இண்டக்டன்ஸ். எஃப்டி82-43ல 2 சுற்றுக்கு சுமார் 2.2 மைக்ரோஹென்றி, 7 மெகாஹெர்ட்ஸ்ல 100 ஓம்கூட வராது. 50 ஓம் வழிக்குப் பக்கத்துல 100 ஓம் கிடந்தா கோர் சூடாகத்தான் செய்யும். 3 சுற்றுல 5 மைக்ரோஹென்றி, 220 ஓம், பிழைச்சுக்கும்.

முதன்மைக்குக் குறுக்கே 100 பைக்கோஃபாரட் எதுக்குன்னா 15, 10 மீட்டர்ல எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துதுன்னு காட்டுற அளவு, 1 தான் சிறந்தது) சரியாக. அதுக்கு 3 கிலோவோல்ட் கெப்பாசிட்டர்தான் வேணும்னு எழுதுறாங்க. 5 வாட் 50 ஓம்ல உச்ச வோல்டேஜே 22தான். 100 வோல்ட் என்பிஓ செராமிக் தாராளம். வயர் முனைப் பக்கம்தான் 2450 ஓம்ல 150 வோல்ட்டுக்கு மேல வரும், அங்க விரல் வைக்காதீங்க.

கட்டி முடிச்சதும் வயருக்குப் பதிலா 2.4 கிலோஓம் கார்பன் ரெசிஸ்டரை மாட்டி நானோவிஎன்ஏ (ஆன்டெனா அளக்குற சின்னக் கருவி) வச்சுப் பாருங்க. 7 முதல் 29 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எஸ்டபிள்யூஆர் 1.5க்குக் கீழ இருந்தா டிரான்ஸ்ஃபார்மர் ஓகே, மிச்சக் கோளாறு வயர்ல.

கம்பிக்காரன்
முனைஊட்டம் தம்பி, எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. எண்ட்-ஃபெட்டுக்கு மறுபாதி எங்க? கோஆக்ஸோட வெளித்தோல்தான். 5 வாட்லயும் அதுல ஓடுற ஆர்எஃப் (ரேடியோ அலைக் கரண்ட்) ரேடியோ பெட்டி வரைக்கும் வந்து மைக்குக்குள்ள ஏறும். புதுசா வர்றவருக்கு இதைக் கொடுத்தா "ஆடியோ கரகரன்னு இருக்கு"ன்னு அடுத்த வாரம் இங்க வந்து கேட்பார்.

முனைஊட்டம்
அதுக்குத்தான் சோக் (தோல் வழியா ஓடுற ஆர்எஃப்பை அடைக்கிற சுருள்). டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து 2 மீட்டர் கோஆக்ஸ் விட்டு, அங்க எஃப்டி140-43 ஒண்ணுல ஆர்ஜி-174 10, 12 சுற்று. அந்த 2 மீட்டர் தோல் கவுண்டர்பாய்ஸா (ஆன்டெனாவோட மறுபாதியா) வேலை செய்யும், சோக்குக்கு இந்தப் பக்கம் சுத்தமா இருக்கும். சோக்கை டிரான்ஸ்ஃபார்மர் வாயிலேயே ஒட்டி வச்சா கவுண்டர்பாய்ஸே இல்லாம போயி எஸ்டபிள்யூஆர் ஆடும். அப்படித்தான் வைக்கணும்னா தனியா 2 மீட்டர் வயரைத் தரையில விடணும். டைபோலுக்கும் மையத்துல இதே சோக் வேணும்னு அண்ணன் சொல்லலியே?

கம்பிக்காரன்
வேணும். ஒப்புக்கறேன்.

பேட்டரிபெட்டி
பவர் பக்கம் யாரும் பேசவில்லை, நான் எழுதுகிறேன்.

818இன் உள் பேட்டரி 9.6 வோல்ட் 1900 மில்லிஆம்பியர்-மணி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ரேடியோ கேட்கும்போதே 0.45 ஆம்பியர் இழுக்கும், இது அந்த ரேடியோவின் பெரிய குறை. பேசாமல் காதால் மட்டும் கேட்டாலே 4 மணி நேரம்தான். அனுப்பும்போது 2 ஆம்பியருக்கு மேல்.

வெளியே 4 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 6 ஆம்பியர்-மணி போதும். பத்தில் ஒரு பங்கு நேரம் அனுப்பினால் சராசரி 0.6 ஆம்பியர், கணக்குக்கு 10 மணி நேரம், நடைமுறையில் 8. சார்ஜரிலிருந்து எடுத்ததும் 14.6 வோல்ட் இருக்கும், ரேடியோவின் உச்சவரம்பு 16, ஆகவே பயமில்லை. 3 செல் லித்தியம் அயான் (12.6இல் தொடங்கி 9 வரை) ஓடும், ஆனால் பாதிக்கு மேல் காலியானதும் முழுப் பவர் வராது.

கவனம்: "4எஸ்" என்று மட்டும் பார்த்து 4 செல் லித்தியம் அயான் பேக் வாங்கிவிடாதீர்கள். முழுச் சார்ஜில் அது 16.8 வோல்ட். இரண்டும் "4எஸ்" என்றே விற்கப்படும், ஒன்று ரேடியோவுக்கு ஏற்றது, மற்றது எல்லையைத் தாண்டும். வாங்கியதும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே சொருக வேண்டும்.

டிசி பிளக் 4.0/1.7 மி.மீ., நடுமுனை பாசிட்டிவ். வழக்கமான 5.5/2.1 பொருந்தாது. இந்தச் சின்னப் பிளக் லேசாக ஆடினாலே, அழுத்திப் பேசும்போது ரேடியோ அணைந்து எழும். பலர் பேட்டரியைக் குறை சொல்வார்கள், குற்றவாளி பிளக். கேபிளை ரேடியோவின் பெல்ட் கொக்கியில் ஒரு சுற்று சுற்றி டேப் ஒட்டினால் இழுவை பிளக்கில் விழாது. வயர் மெல்லியதாக இருக்கக் கூடாது: 22 கேஜில் ஒன்றரை மீட்டர் கேபிள் என்றால் போக வர 3 மீட்டர், 0.16 ஓம், 2 ஆம்பியரில் 0.3 வோல்ட் வழியிலேயே போகும். 18 கேஜ் போடுங்கள். 3 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரி முனையில் இருக்க வேண்டும், ரேடியோ முனையில் அல்ல. பையில் நசுங்கி ஷார்ட் ஆவது கேபிள்தான்.

பவர் பேங்கில் 15 வோல்ட் டிரிக்கர் கேபிள் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் கன்வர்ட்டரின் இரைச்சல் 40 மீட்டரில் எஸ்5 வரை ஏறினால், மலைக்கு ஏறி வந்ததன் பயனே போச்சு.

யாழ்_அலை
வணக்கம். இஞ்ச யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன். பகல் நேரத்தில 5 வாட்டில 40 மீற்றரில தமிழ்நாட்டோட கதைக்க ஏலுமோ? தூரம் 300, 400 கிலோமீற்றர்தானே. அன்ரெனாவை எவ்வளவு உயரத்தில கட்ட வேணும்? உயர்த்தக் கட்டினால் நல்லதெண்டு எல்லாரும் சொல்லினம்.

ஐந்துவாட்
யாழ்_அலை நண்பரே, உங்கள் தூரத்துக்கு உயரம் வேண்டாம். 5, 6 மீட்டரில் கட்டிய டைபோல் சிக்னலை நேர் மேலே அனுப்பும், வானில் இருக்கும் அயனமண்டலத்தின் எஃப் அடுக்கில் பட்டு 400 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மழை போலக் கொட்டும். 20 மீட்டர் உயரத்தில் கட்டினால் சாய்வாகப் போய் தமிழ்நாட்டைத் தாண்டி வடக்கே விழும்.

நம் பகுதிக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாக, திருநெல்வேலிக்கு அருகே போகிறது. 1963இல் முதல் ராக்கெட் பறந்த கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். இந்த அட்சரேகையில் பகலில் எஃப் அடுக்கு பெரும்பாலும் 7 மெகாஹெர்ட்ஸை நேர் மேலிருந்தே திருப்பி அனுப்பும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். ஐரோப்பியர்கள் எழுதுகிற "பகலில் 60 மீட்டர், 80 மீட்டருக்கு இறங்கு" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உச்சி வெயிலில் கீழே இருக்கும் டி அடுக்கு உறிஞ்சும், 5 வாட்டுக்கு அது வலிக்கும். காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 6 நல்ல நேரம். இருட்டிய பிறகு சில நாள் சிக்னல் படபடவென்று துடிக்கும், அது காந்த நிலநடுக்கோட்டு அயனமண்டலத்தின் சேட்டை, உங்கள் ரேடியோவில் கோளாறு தேட வேண்டாம்.

இந்தியாவில் 40 மீட்டர் 7.000 முதல் 7.200 வரை. அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள். மாலையில் அவை ரிசீவரை அமுக்கினால் ஐபிஓவை ஆன் செய்து முன்-ஆம்ப்ளிஃபயரை விலக்குங்கள். 40 மீட்டரில் அந்த ஆம்ப்ளிஃபயர் அநேகமாகத் தேவையே இல்லை.

தேனி தம்பிக்கு, எஸ்எஸ்பி பற்றி இரண்டு வரி. மெனு 46 எஸ்எஸ்பி மைக் கெயின். இதை 100க்கு ஏற்றினால் சத்தமாகப் போகும் என்று நினைப்பது தவறு. ஏஎல்சி (பவரைத் தானாக அடக்கும் சுற்று) அளவுக்கு மீறி அடித்தால் ஒலி சிதைந்து அகலமாகும், புரிவது குறையும். 50இல் வைத்து மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் பிடித்து, அழுத்தமான குரலில் பேசுங்கள். சிக்யூ (யாராவது இருக்கிறீர்களா என்ற பொது அழைப்பு) கூப்பிடுவதைவிட, பலமாகக் கேட்கிற நிலையத்தின் அழைப்புக்குப் பதில் சொல்வது 5 வாட்டுக்கு ஏற்ற வழி. மோர்ஸ் தெரிந்தால் 14.060, 7.030 சுற்றிலும் சிறு பவர்க்காரர்கள் இருப்பார்கள். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டவருக்கு 2.5 கிலோஹெர்ட்ஸில் கேட்பவரைவிட 7 டெசிபெல் இரைச்சல் குறைவு. ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே உங்கள் 5 வாட் 25 வாட் ஆன மாதிரி.

டிகோடர்
எஃப்டி8க்கு 818 அமைப்பு:

மெனு 14 கேட் ரேட் (லேப்டாப் ரேடியோவோடு பேசும் வேகம்) 38400. மெனு 26 டிஜி மோட் யூசர்-யூ. மெனு 24, 27 இரண்டும் பூஜ்யம், இல்லாவிட்டால் டிஸ்ப்ளே காட்டும் அலைவரிசைக்கும் உண்மைக்கும் வித்தியாசம் வரும். ரேடியோவை டிஐஜி (டிஜிட்டல்) மோடில் வைக்கவும். எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ்ஸில் ரேடியோ எஃப்டி-817 அல்லது 818, ஸ்ப்ளிட் "ஃபேக் இட்". இதை விடாதீர்கள். 2500 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கிளிக் செய்தால் ரேடியோவின் ஃபில்டர் ஓரத்தில் பவர் சரியும், ஃபேக் இட் ஆடியோவை 1500 முதல் 2000க்குள் வைத்துக்கொண்டு விஎஃப்ஓவை (ரேடியோவின் அலைவரிசையை) நகர்த்தும்.

பின்பக்க 6 முள் டேட்டா சாக்கெட்: 1 உள்ளே போகும் ஆடியோ, 2 கிரவுண்டு, 3 பிடிடி (அனுப்பச் சொல்லும் சுவிட்ச்), 5 வெளியே வரும் 1200 ஆடியோ. 4ஆம் முள் 9600க்கானது, தவறி அதில் மாட்டினால் எஸ்எஸ்பியில் ஒன்றும் டிகோட் ஆகாது. லெவலை மெனு 25இலும் லேப்டாப்பிலும் சேர்த்துச் சரிசெய்து, ஏஎல்சி மீட்டர் அசையத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் கீழே நிறுத்துங்கள்.

மேகமலையில் டவர் கிடைக்காது, அங்கே லேப்டாப் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் விலகினால் திரையில் கோடுகள் தெரிந்தாலும் டிகோட் ஆகாமல் போகலாம். யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று எடுத்துப் போங்கள். பவர் 2.5 வாட் போதும். 15 நொடிச் சுற்றில் 12.64 நொடி முழுப் பவரில் போகிற மோட் இது, எஸ்எஸ்பி போல இடைவெளி விடாது, சின்னப் பெட்டி கொதிக்கும். சராசரி 1.1 ஆம்பியர், ஆகவே பேட்டரிபெட்டி சொன்ன 8 மணி நேரம் இங்கே 5க்குக் குறையும்.

சால்டர்மணி
818 விலை கேட்டுத் தலைசுற்றி இந்த இழைக்கு வருபவர்களுக்காக: ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் என்ற கிட் ரேடியோ இருக்கிறது. ஆர்டுவினோ நானோ (கட்டுப்படுத்தும் பலகை), எஸ்ஐ5351 (அலைவரிசை உருவாக்கும் சிப்), கடைசியில் இரண்டு ஐஆர்எஃப்510 பவர் டிரான்சிஸ்டர். 80, 40 மீட்டரில் 10 வாட் வரும், 10 மீட்டருக்குப் போகப் போகக் குறையும். பழையது வாங்கினால் 5ஆம் பதிப்போ அதற்கு மேலோ பாருங்கள், முந்தியவற்றில் ஹார்மோனிக் வடிகட்டலில் குறை இருந்தது.

பயஸ் (பேசாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்டு) வைக்கிற இடத்தில்தான் எல்லாரும் ஐஆர்எஃப்510ஐக் கருக்குகிறார்கள். இரண்டு பயஸ் பிரிசெட்டையும் முதலில் முழுக்க இடப்பக்கம் திருப்பிப் பூஜ்யமாக்கு. ஆன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோடு. சப்ளையில் ஆம்பியர் மீட்டர். மைக்கை அழுத்து, பேசாதே, கரண்டைக் குறித்துக்கொள். ஒரு பிரிசெட்டை மெல்லத் திருப்பி 100 மில்லிஆம்பியர் கூடியதும் நிறுத்து. அடுத்ததில் இன்னொரு 100. இரண்டு ஹீட்சிங்க்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது, டிரான்சிஸ்டரின் முதுகு டிரெயின், சேசிஸில் பட்டால் சப்ளையே ஷார்ட்.

ஆனால் மலைக்கு முதல் ரேடியோ எது என்றால் 818தான் என்பேன். பிட்எக்ஸ் மேசை மேல் கற்றுக்கொள்ள.

தேனி_புதுசு
மெனு 07 மாத்தினதும் ரேடியோ உயிர் வந்த மாதிரி ஆயிடுச்சு, நன்றி சார். டைபோல் கட்டியாச்சு. எஸ்டபிள்யூஆர் 20ல 1.2, 40ல 1.4. ஆனா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, எஃப்டி8 அனுப்பும்போது லேப்டாப்ல யூஎஸ்பி சவுண்டு கார்டு துண்டிச்சுப் போகுது, 20ல மட்டும். ரெண்டு, ரேடியோவைக் கையால தொட்டா எஸ்டபிள்யூஆர் 1.2லேருந்து 1.6 ஆகுது.

கம்பிக்காரன்
ரெண்டும் ஒரே சந்தேகம். தொட்டா மாறுதுன்னா கோஆக்ஸ் தோல்ல ஆர்எஃப் வருது. மையத்துல சோக் போட்டீங்களா? போடலைன்னு நினைக்கிறேன். 20ல மட்டும் வர்றதுக்குக் காரணம் கோஆக்ஸ் நீளம்: 5 மீட்டருக்குப் பக்கம்னா 20 மீட்டருக்கு அது கால் அலை, அருமையான ஆன்டெனா. கோல் உச்சியில ஃபெரைட் எடை தொங்கினா வளையும், அதனால எஃப்டி140-43ஐ டேப் போட்டுக் கோலோடு கட்டுங்க, நூலில் தொங்கவிட வேண்டாம். யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப் முனையில ஒரு கிளிப்-ஆன் ஃபெரைட்டுக்குள்ள ரெண்டு மூணு சுற்று. ஒரு சுற்று மட்டும் போட்டா எச்எஃப்ல பயன் ரொம்பக் குறைவு, சுற்று ரெண்டானா நாலு மடங்கு.

முனைஊட்டம்
கோஆக்ஸ் வயரோட ஒரு பக்கக் காலுக்கு இணையா ஓடுதான்னும் பாருங்க. செங்குத்தா இறக்கணும், ஒரு பக்கம் சாய்ஞ்சா சோக் இருந்தும் கொஞ்சம் வரும். அப்புறம் முனைக் கயிறைக் குரங்கு எட்டாத மாதிரி கட்டுங்க, மலைப் பக்கம் இது எஸ்டபிள்யூஆரை விடப் பெரிய பிரச்சினை.

ஐந்துவாட்
ஆன்டெனா வேலை செய்கிறதா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். எஃப்டி8இல் நாலு தடவை சிக்யூ போட்டு, வீட்டுக்கு வந்து பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்தில் (யார் எங்கே உங்களைக் கேட்டார்கள் என்று காட்டுவது) உங்கள் அழைப்புக்குறியைத் தேடுங்கள். சோக் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் இரண்டு நாள் செய்து ஒப்பிட்டால் தெரியும்.

ஐப்பசியில் போகிறீர்கள் என்றால் பிற்பகல் 2 மணிக்குள் வயரை இறக்கிவிடுங்கள். மேற்கே இடி முழக்கம் காதில் கேட்டதுமே முதலில் கோஆக்ஸை ரேடியோவிலிருந்து கழற்றிப் பத்தடி தள்ளிப் போட்டுவிட்டு நீங்களும் நகர்ந்துவிட வேண்டும். கோல், வயர் எல்லாம் அப்படியே நிற்கட்டும். மழை விட்ட பிறகு ஈர வயரில் அலைவரிசை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், உடனே வெட்டாதீர்கள், காய்ந்தால் திரும்பிவிடும்.

தேனி_புதுசு
சோக் 11 சுற்று போட்டாச்சு. இப்ப ரேடியோவைத் தொட்டாலும் 1.2லேயே நிக்குது. சவுண்டு கார்டும் துண்டிக்கல. லிங்க் கிளிப் காத்துல ஆடித் திறந்துக்குது, அதுக்கு என்ன செய்யலாம்?

கம்பிக்காரன்
கிளிப்புக்கு ரெண்டு பக்கமும் 3 செ.மீ. வயரைத் தளர்வா விடுங்க, இழுவை பிளாஸ்டிக் மேல மட்டும் இருக்கும். அப்படியும் திறந்தா கிளிப்பைத் தூக்கிப் போட்டுட்டு 2 மி.மீ. புல்லட் கனெக்டர் போடுங்க, ரிமோட் விமான பேட்டரி விக்கிற கடையில கிடைக்கும்.